நடுவில் ஒன்றும் இல்லாத படம்

செக்கர் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அவருடைய கண்களுக்கு மட்டும் யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. டவுன் பஸ்களில் ஏறி டிக்கெட் பரிசோதிப்பது அவர் பார்த்த வேலை. ஏறியதும் டிக்கெட்டைக் கேட்க மாட்டார். முகங்களைப் பார்ப்பார். டிக்கெட் எடுத்தவன் நேராகப் பார்ப்பான். எடுக்காதவன் பார்வை அவருடைய காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ போய் நிற்கும். காதைப் பார்க்கிறவனிடம் கையை நீட்டினால் போதும், ஆள் மாட்டிக்கொள்வான். இந்த ஒரு வித்தையை வைத்தே காலத்தை ஓட்டியவர். தெருவில் எல்லோருக்கும் அவர் செக்கர்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரா என்பதே சந்தேகம்.

அப்படிப்பட்டவருடைய காதைத்தான் இப்போது அவர் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூடத்துச் சுவருக்கு ஒரு படம் வாங்கணும்" என்றாள்.

"எதுக்கு?"

"மாட்டத்தான்."

"இத்தனை வருஷமா இல்லாத படம் இப்ப எதுக்குன்னு கேக்கறேன்."

"இத்தனை வருஷமா இல்ல. அதான் வாங்கணுங்கறேன்."

அந்த வீட்டுச் சுவர்களில் ஒரு காலண்டரைத் தவிர எதுவும் கிடையாது. ஆணி அடித்தால் காரை பெயரும் என்பது செக்கரின் கட்சி. கட்டில், திரைச்சீலை, தண்ணீர்க் குடம் எல்லாம் அவர் பார்த்து வாங்கியவை. அவளுடைய செருப்பைக்கூட அவர்தான் வளைத்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து வாங்குவார்.

"சரி, ஒரு நல்ல படமா நான் பாத்து வாங்கிட்டு வரேன்" என்றார் பெருந்தன்மையாக.

"வேணாங்க. இது ஒண்ணு நானே பாத்து எடுத்துக்கறேன்."

இதைச் சொன்னபோதும் பார்வை அவர் இடது காதில்தான். செக்கரின் வலது கை தானாக நீண்டது. அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் மேசையிலிருந்த டம்ளரை எடுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து அவள் கடைத்தெருவில் இருந்த படக்கடைக்குப் போய்வர ஆரம்பித்தாள். போவாள், வெகுநேரம் கழித்து வருவாள், கை வெறுமையாக இருக்கும். கேட்டால், "ஒண்ணும் சரியா அமையல" என்பாள். கத்தரிக்காய் வாங்கப் போனாலும் கூடையைக் கவிழ்த்து நல்லதாக நாலு பொறுக்கிக்கொண்டு வருகிறவள், கடை நிறையப் படம் இருந்தும் ஒன்று அமையவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

செக்கர் வீட்டைச் சோதனை போட ஆரம்பித்தார். பழைய பழக்கம், கால் கை எல்லாம் உற்சாகமாக ஒத்துழைத்தன. முதலில், அவள் செய்தித்தாள் படிப்பதை நிறுத்தியிருந்தாள். "அதுல என்ன புதுசா இருக்கு?" என்று ஒதுக்கிவிட்டாள். அடுத்து, தேநீர் ஊற்றும்போது டம்ளர் விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தாள். மனம் வீட்டில் இல்லை என்று அவர் முடிவு கட்டினார். சமையலறை அலமாரியில்தான் பெரிய தடயம் கிடைத்தது. சில டப்பாக்களில் ரப்பர் பேண்டு மாட்டியிருந்தது, சிலவற்றில் இல்லை. உப்பு டப்பாவில் ஒன்று, மிளகாய்த்தூள் டப்பாவில் இரண்டு, சர்க்கரைக்கு எதுவும் கிடையாது.

கீழ்வீட்டுக் கண்டக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். கண்டக்டரும் ஓய்வு பெற்றவர்தான். ஒரு காலத்தில் இருவரும் ஒரே பஸ்ஸில் எலியும் பூனையுமாக இருந்தவர்கள்.

"பங்கு பிரிக்கறாய்யா" என்றார் செக்கர். "கூட எடுத்துட்டுப் போறதுக்கெல்லாம் அடையாளம் வச்சிருக்கா."

"மொளகாப்பொடியவா?"

"சிரிக்காத. அவ அக்கா இருக்காளே, கண்ணு தெரியாம தனியா கெடக்கறா. 'இங்க வந்துடு, இங்க வந்துடு'ன்னு அவ கூப்பிட்டுட்டே இருக்கா. இவளுக்கு அங்க போய் இருந்துடலாம்னு எண்ணம்."

"வாயத் தொறந்து கேட்டுட்டா என்ன? குடியா முழுகிடும்?"

"கேட்டா உஷாராயிடுவா."

"யோவ், அது உன் பொண்டாட்டிய்யா. பாஸ் காலாவதியான பாசஞ்சரப் பத்திப் பேசற மாதிரி பேசறே."

கண்டக்டர் சிரித்தார். செக்கருக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் காலண்டரும் அவரும்தான் மிச்சம். அதை அவர் கண்டக்டரிடம் சொல்லவில்லை.

அடுத்த நாள் சமையலறை வாசலில் நின்று ஒட்டுக் கேட்டார். அவள் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "இன்னும் அவர்கிட்ட சொல்லலக்கா… இல்ல, மொதல்ல படம் வீட்டுக்கு வந்துடட்டும். அப்புறம் சொல்லிக்கறேன்… சரி சரி, வந்துட்டார் போல, வச்சிடறேன்."

அவர் செருப்புகூடப் போட்டிருக்கவில்லை, பூனை நடை நடந்துதான் வந்தார். எப்படிக் கண்டுபிடித்தாள்? காது இவ்வளவு கூர்மையான பின் வேறு எது மழுங்கியிருக்கும் என்று அவர் அப்போது யோசிக்கவில்லை. கள்ளத்தனம் இருந்தால் காது கூர்மையாகும் என்றுதான் நினைத்தார்.

மறுமுறை அவள் கிளம்பியதும் பின்னாலேயே போனார். தெருவில் அவள் நடந்தது சாதாரணமாகத்தான் இருந்தது. பள்ளத்தைத் தாண்டினாள், சைக்கிளுக்கு ஒதுங்கினாள். ஆனால் எதிரே வந்த பால்காரம்மா சிரித்தபோது சிரிக்காமல் போய்விட்டாள். அதையும் செக்கர் கணக்கில் எழுதிக்கொண்டார்: கர்வமும் வந்துவிட்டது.

படக்கடை நீளமாக, உள்ளே போகப்போக இருட்டாக இருந்தது. சட்டம் போடாத படங்களைச் சாய்த்து வைத்திருந்த இடத்தில் அவர் பதுங்கினார். உள்சுவர் ஒன்று காலியாக இருந்தது. அதற்கு எதிரே, வீட்டில் அவளுடைய நாற்காலிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்திலேயே ஒரு ஸ்டூல். அவள் அதில் போய் உட்கார்ந்தாள். வழக்கமான இடம் போலிருந்தது. கடைக்காரர் ஒவ்வொரு படமாக மாட்டிக் காட்டினார்.

முதலில் ஒரு பெண்ணின் முகம். "முகமே வேணாம் தம்பி" என்றாள்.

"இது பாருங்கம்மா, ஓடற குதிரை. எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க."

"குதிரைக்குத் தலையே இல்லையே."

கடைக்காரர் குதிரையைப் பார்த்தார். தலை நன்றாகத்தான் இருந்தது. அதைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார்.

இதுதான் சமயமென்று செக்கர் வெளியே வந்தார். சுவருக்கு முன்னால், அவளுக்கு நேரெதிரே, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிடிபட்டவர்கள் முகம் மாறும் அந்த ஒரு நொடிக்காக எத்தனையோ பஸ்களில் இப்படி நின்றிருக்கிறார்.

அவள் நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். எந்த மாற்றமும் இல்லை.

"கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா சார்? அந்த எடத்துல படம் மாட்டுவாங்க" என்றாள் மரியாதையாக.

என்ன நடிப்பு என்றுதான் முதலில் தோன்றியது. அசையாமல் நின்றார். அவள் தலையை லேசாகத் திருப்பினாள். பார்வை மெல்ல நகர்ந்து அவருடைய இடது காதுக்குப் போனது. அப்போதுதான் அவள் முகம் மாறியது.

"ஏங்க… நீங்களா?"

செக்கர் கட்டியிருந்த கையைப் பிரித்தார். நேராகப் பார்த்தபோது தெரியாதவர், காதைப் பார்த்தபோது தெரிந்திருக்கிறார். இத்தனை நாளும் அவள் பார்வையை ஒளிக்கவில்லை. அவரைப் பார்ப்பதற்காகத்தான் காதைப் பார்த்திருக்கிறாள்.

"எப்பலேருந்து?" என்றார்.

"கொஞ்ச நாளா. அக்காவுக்கு வந்த அதே வியாதிதான். நேரா பாத்தா நடுவுல ஒரு மசி அப்பின மாதிரி இருக்கும், ஓரமெல்லாம் தெரியும். முழுசா இருட்டாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நடு போயிட்டாலும் ஓரம் நிக்குமாம்."

"டாக்டர்கிட்ட யாரோட போனே?"

"தனியாத்தான். பஸ்ல."

"டிக்கெட்…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"எடுத்தேன், எடுத்தேன்."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? குளியலறை வாசல்ல நின்னு 'வலது கால வை, இடது கால வை'ம்பீங்க. படத்தையும் நீங்களே வாங்கிட்டு வந்துடுவீங்க. அக்கா வீட்ல அப்படித்தான், மாமா உயிரோட இருந்தப்ப பெரிய பூவா பாத்து ஒரு படம் வாங்கி மாட்டினார். இப்ப அவளுக்கு அதுல சட்டம் மட்டும்தான் தெரியுது. நான் நாள் பூரா உக்காந்து பாக்கப்போற சுவரு. எனக்குத் தெரியற படத்த நானே எடுத்துட்டு அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"அந்த ரப்பர் பேண்டு?"

"உப்புக்கு ஒண்ணு, மொளகாப்பொடிக்கு ரெண்டு. தடவிப் பாத்தா தெரியும்ல? ஏன், உங்களுக்குக் காரம் போட்டுக் குடுத்தேனா?"

கடைக்காரர் அடுத்த படத்தோடு வந்தார். ஒரு பெரிய ஏரி. இடது ஓரத்தில் இரண்டு படகுகள், வலது ஓரத்தில் அடர்ந்த நாணல், மேலே விளிம்பை ஒட்டிக் கொக்குகள் வரிசையாகப் போயின. நடுவில் வெறும் தண்ணீர்.

"நடுவுல ஒண்ணுமே இல்லையே" என்றார் செக்கர். "பாதியில விட்டுட்டு வித்துட்டான்யா."

அவள் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். "ரெண்டு படகு" என்றாள். "ஒண்ணுல துடுப்பு இல்ல. கொக்கு பறக்குது. இதக் கட்டுங்க தம்பி."

செக்கர் படத்தருகே போய்ப் பார்த்தார். ஒரு படகில் துடுப்பு இல்லைதான்.

ஆணியை அவரே அடித்தார். காரை பெயர்ந்தது, அதையும் அவரே பெருக்கி அள்ளினார். அவள் அடுப்படியில் இருந்தபோது அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, முஷ்டியை மடக்கிக் கண்ணுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தார். படகு, நாணல், கொக்கு, எல்லாம் இருந்தன. அப்படியே திரும்பிக் காலண்டரைப் பார்த்தார், தேதியைக் காணோம். எதிரே இருந்த தன் நாற்காலியைப் பார்த்தார். அதில் உட்காருகிறவனின் தலை இருக்கவேண்டிய இடத்தில் முஷ்டிதான் இருந்தது. எழுந்து நாற்காலியை இழுத்து அவளுக்குப் பக்கவாட்டில் போட்டார்.

"என்ன, எடம் மாத்தறீங்க?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"அங்க காத்து அடிக்குது."

சாயங்காலம் கண்டக்டர் வந்தார். கூடத்தின் நடுவில் நின்று, "என்ன செக்கரே, குளத்துக்கு நடுவுல மீன்கூட இல்ல?" என்று ஆரம்பித்தார்.

"குளத்த அப்புறம் பாக்கலாம். மொதல்ல நீ நடுவுல நிக்காத. இப்படி ஓரமா வந்து பேசு."

கண்டக்டர் ஒன்றும் புரியாமல் ஒதுங்கினார். அவள் தேநீரோடு வந்தாள், விரல் டம்ளர் விளிம்பில். தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டே, பக்கத்தில் இருந்த செக்கரிடம் பேசினாள்.

"ஏங்க."

"என்ன?"

"இப்ப நல்லாத் தெரியறீங்க. இன்னிக்கு சவரம் பண்ணலையா?"

செக்கர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பண்ணவில்லை.