முட்டை இல்லை, சரி

ஜப்பானில், தொயாமா நகரில் எங்கள் சமையல்கூடத்திலிருந்து தினமும் ஏழு பள்ளிகளுக்கு மதிய உணவு போகும். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்குத் தனிப் பெட்டி. வண்டியில் ஏற்றுமுன் ஒவ்வொரு பெட்டியையும் விரலால் சுட்டி, உரக்கச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். அது லீடர் குரமோச்சி-சானின் வேலை. குரல் பெரிது என்பதற்காக நான்கு ஆண்டுகளுக்கு முன் அவரை லீடராக்கினார்கள்.

"லீடர் கத்துனா அரிசி தானா வெந்துடும்," என்பார் அடுப்படியில் சமைக்கும் நிஷிவாகி-சான்.

"அப்ப நீங்க எதுக்கு? வீட்டுக்குக் கிளம்புங்க."

எல்லோரும் சிரிப்பார்கள்.

நான் பாத்திரம் கழுவுகிறவள். கழுவுமிடத்திலிருந்து குளிரறையின் பின்பக்கம் தெரியும். சரிபார்ப்புக்கு முன் அவர் அங்கே போய் நிற்பார். முகக்கவசத்தை இறக்கி, வயிற்று மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்குவார். முதல் ஆண்டில் ஒன்று, இப்போது மூன்று. பிறகு, நடுவில் தடுமாறக் கூடாதென்று, அன்றைய பட்டியலை உதடசைத்து மனப்பாடம் செய்வார்.

ஒருமுறை பேருந்து நிறுத்தத்தில் சொன்னார்: "லீவு நாள்ல தங்கச்சி போன் பண்ணாகூட எடுக்கறதில்ல. குரலே வரமாட்டேங்குது."

ஜூனில் ஒரு வியாழக்கிழமை.

"மூணாங் கிளாஸ், முட்டை இல்லை, சரி!"

விரல் நேராகத்தான் நீண்டிருந்தது. கண் சுவரில் இருந்தது. அந்தப் பெட்டியின் மேல் மஞ்சள் சீட்டு. மஞ்சள் என்றால் பால் சேர்க்காதது, முட்டை இருக்கும். முட்டை சேர்க்காததற்குப் பச்சை.

எட்டுப் பேர் முன்னால் எனக்குப் பேச வராது. ஈரக் கையோடு போய் அவர் சட்டைக் கையைத் தொட்டேன்.

"லீடர், சீட்டு மஞ்சளா இருக்குங்க."

"அதான் சரின்னு சொல்லியாச்சே," என்றார் அதே பெரிய குரலில். பிறகுதான் பார்த்தார். நீட்டிய விரல் அப்படியே நின்றது.

"என்ன லீடர், அரிசி இன்னும் வேகலையா?" என்றார் நிஷிவாகி-சான்.

பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருக்கலாம். லீடர் பெட்டியை மாற்றி வைத்தார்.

"நான் பாக்கவே இல்ல. நாலு வருஷமா பயத்துல மனப்பாடமா ஒப்பிச்சிட்டிருக்கேன். இனிமே தனியா என்னால முடியாது."

யாரும் சிரிக்கவில்லை. நிஷிவாகி-சான் அடுப்பை அணைத்து, கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"பட்டியலை நீங்க படிங்க. சீட்டை நான் பாக்கறேன்."

முதல் பெட்டியிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். வண்டி பன்னிரண்டு நிமிடம் தாமதமாகப் போனது. லீடர் படித்தது காதில் விழ, நான் குழாயை மூட வேண்டியிருந்தது.