சரிங்க சாரின் புதுக் கணக்கு

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலுக்கு வெளியே அது புழங்கவில்லை. கார் கற்றுக்கொள்ள வருபவர்கள் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் ‘சரிங்க சார்’. காலை ஆறு மணிக்கு வரச் சொன்னால் சரிங்க. ஆறு மணி வேண்டாம், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் சரிங்க. மனுஷன் ஒன்றை மறுத்துப் பேசி யாரும் பார்த்ததில்லை.

ஆனால் அவருடைய காலுக்கு மறுக்கத் தெரியும். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறவருக்கு ஒரு பிரேக். "அந்த லாரிய முந்திடட்டுமா சார்?" என்று கேட்டால் வாய் "சரிங்க" என்னும், கால் பிரேக்கை மிதிக்கும். கார் நின்றுவிடும். இத்தனை வருஷத்தில் அவர் காரில் ஒரு கீறல் விழுந்ததில்லை. வாய்க்கும் ஒரு பிரேக் வைத்திருந்தால் நான் இதைச் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது. வைக்கவில்லை, என்ன செய்வது.

போனில் கடன் விற்கிறவர்களுக்கு இப்படி ஒரு ஆள் சிக்கினால் விடுவார்களா? "சார், உங்களுக்குன்னே ஒரு கார்டு எடுத்து வச்சிருக்கோம்" என்று அந்தப் பக்கம் ஒரு பெண் அவ்வளவு மரியாதையாகப் பேசும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சரிங்க. அந்தக் கார்டின் பாக்கியைக் கட்ட இன்னொரு வங்கியில் கடன். அந்தக் கடனைக் கட்ட வேறொரு கார்டு. ஒவ்வொன்றோடும் ஒரு இலவசப் பொருள் வந்தது: குடை, சுவர்க்கடிகாரம், பிளாஸ்க், பயணப் பை. "பேங்க்காரங்க ஸ்கூலுக்குத் தந்ததாம், முதலாளி எனக்குக் குடுத்துட்டாரு" என்று மனைவியிடம் நீட்டுவார். இப்படியும் ஒரு தங்கமான முதலாளியா என்று அவளும் நினைத்துக்கொண்டாள். முதலாளியோ டீக்காசுக்கே கணக்குக் கேட்கிற ஆள்.

ஒரு நாள் வாசலில் வசூல்காரர் வந்து நின்றார். மனைவி நாற்காலி போட்டு, டீ கொடுத்து, என்ன விஷயம் என்று கேட்டாள். டீ ஆறுவதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது.

அன்று அவர் வீட்டுக்கு வந்ததும் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"கல்யாணமான புதுசுல உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். எனக்குத் தெரியாம கடன் மட்டும் வாங்காதீங்கன்னு. அன்னைக்கு என்ன சொன்னீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "சரின்னேன்."

"ஆமா. சரின்னீங்க."

அவ்வளவுதான் பேச்சு. அவளுக்கு மனசே விட்டுப்போயிருந்தது. அவர்கள் இருந்தது இரண்டே அறை உள்ள சின்ன வீடு. அதில் பாதி, பள்ளிச் சீருடை தைத்துத் தைத்து அவள் சேர்த்த பணத்தில் வந்தது. இப்போது அந்த வீட்டுக்கே உலை வைத்திருந்தார் மனுஷன்.

கடனில் மாட்டியவர்களுக்கு வழி சொல்லும் அலுவலகம் ஒன்று உண்டு என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துக் கண்டுபிடித்ததும் அவள்தான். அங்கே இருந்த ஆலோசகர் அம்மா எல்லாக் கடன்களையும் ஒன்றாகப் போட்டு, மாதம் ஒரே தவணையாகக் கட்ட ஏற்பாடு செய்து தந்தார். கடன் கொடுத்தவர்கள் ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். ஒரே நிபந்தனை: முதல் தவணை தவறினால் ஏற்பாடு ரத்து. அப்புறம் அவர்கள் கோர்ட்டுக்குப் போவார்கள், வீடு ஏலத்துக்கு வரும்.

"உங்க சம்பளம் எந்த பேங்க்ல விழுது?" என்று கேட்டார் ஆலோசகர்.

சொன்னார்.

"அங்கயே கடனும் வாங்கியிருக்கீங்க. சம்பளம் விழுந்ததும் அவங்க பழைய பாக்கிக்குன்னு எடுத்துக்குவாங்க. தவணை கட்ட உங்க கையில ஒண்ணும் நிக்காது. இந்த மாசச் சம்பளத்துக்குள்ள வேற பேங்க்ல கணக்கு தொடங்கணும். நீங்க கடன் வைக்காத பேங்க்கா இருக்கணும். வெறும் கணக்கு போதும். கார்டு தர்றேன், இருப்பு இல்லாட்டியும் எடுத்துக்கலாம்னு ஆசை காட்டுவாங்க. எதுக்கும் தலையாட்டிடாதீங்க."

"சரிங்க மேடம்" என்றார் அவர். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடன் வைக்காத வங்கி. கேட்க எளிதாகத்தான் இருந்தது. யார் யாருக்குக் கடன் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. ஆலோசகர் போட்டுக் கொடுத்த பட்டியலில் சில கம்பெனிகளின் பெயர் எந்த வங்கியைச் சேர்ந்தது என்றும் விளங்கவில்லை. மனைவிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். வீட்டில் இருந்த இலவசப் பொருள்களை எல்லாம் கூடத்தில் கொண்டுவந்து பரப்பினாள். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு வங்கியின் சின்னம் பளிச்சென்று இருந்தது. பீரோ மேலிருந்து ஒரு போர்வை இறங்கியது. குளியலறையிலிருந்து ஒரு வாளி வந்தது. வாளியைப் பார்த்ததும் அவருக்கே வெட்கமாகிவிட்டது.

"கடைத்தெரு முனையில ஒரு பேங்க் இருக்கே, அது?" என்றார்.

"குடை."

"பெட்ரோல் பங்க்குக்கு எதிர்ல?"

"வாளி."

"பச்சை போர்டு போட்டிருக்குமே?"

அவள் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தாள். பச்சைச் சின்னம் எதிலும் இல்லை. கிடைத்துவிட்டது என்று ஆலோசகருக்குப் போன் செய்தார்கள்.

"ஐயோ, அது வேண்டாம்" என்றார் ஆலோசகர். "உங்களுக்குக் கடிகாரம் குடுத்த பேங்க்கும் அதுவும் ஒரே முதலாளிதான். அக்காகிட்ட கடன வச்சுக்கிட்டு தங்கச்சி வீட்டுல போய் பணத்தப் பத்திரமா வைப்பீங்களா?"

கடைசியில் மிஞ்சியது தபால் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன வங்கி. அது யாருக்கும் எதையும் இலவசமாகக் கொடுத்ததாகத் தெரியவில்லை. அதுவே பெரிய தகுதி என்றாகிவிட்டது.

அடுத்து ஒத்திகை. மனைவி துணி மடித்துக்கொண்டே வங்கிக்காரர் மாதிரிக் கேட்டாள்.

"சார், ஒரு கார்டு போட்டுடலாமா?"

"சரி... வேண்டாம்."

"அந்தச் சரி எதுக்கு?"

"அது தானா வருது."

"வரக் கூடாது. மறுபடி கேக்கறேன். சார், இன்ஷூரன்ஸ்?"

மேசைக்கு அடியில் அவருடைய கால் தரையை அழுத்துவதை அவள் கவனித்தாள். இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்து, அந்தக் காலை அவள் அன்றுதான் பார்த்தாள். "அத நல்லா மிதிச்சுக்கிட்டே சொல்லுங்க" என்றாள். "வேண்டாம்" என்றார், சுத்தமாக. படுக்கப் போகும்வரை இதே வேலை. டீ வேணுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றார். பிறகு அவரே எழுந்துபோய்ப் போட்டுக் குடித்தார்.

மறுநாள் இருவரும் போனார்கள். முதலாளி கணக்கு எண்ணை அன்று சாயங்காலத்துக்குள் கேட்டிருந்தார். அதற்கு மேல் தாமதித்தால் சம்பளம் பழைய வங்கிக்கே போய்விடும். மனைவி வாசலருகே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அவர் உள்ளே போனார். அதிகாரி சின்ன வயசுப் பையன்தான், சுறுசுறுப்பானவன். காகிதங்களை வாங்கிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தான்.

"சார், இதோட ஒரு கார்டும் குடுத்துடறேன்."

கால் அழுத்தியது. "வேண்டாங்க."

"இருப்பு தீந்துட்டாலும் கொஞ்சம் எடுத்துக்கற வசதி இருக்கு சார்."

"வேண்டாங்க."

"இன்ஷூரன்ஸ்?"

"வேண்டாங்க."

"செக் புக்?"

"வேண்டாங்க."

பையனுக்கு முகம் வாடிவிட்டது. "சரி சார். அப்போ கணக்க தொடங்கிடலாமா?"

"வேண்டாங்க" என்றார் சரிங்க சார்.

பையன் ஒரு நொடி பார்த்தான். வாடிக்கையாளர் விருப்பம். காகிதங்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டான். அவர் எழுந்து வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"எல்லாத்துக்கும் வேண்டாம்னுட்டேன். ஒண்ணுகூட வழுக்கல."

"நல்லது. கணக்கு நம்பர் எங்க?"

அவர் கையிலிருந்த காகிதங்களை அவள் பார்த்தாள். கொண்டுபோனவை கொண்டுபோனபடியே இருந்தன. விஷயம் புரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சுவரில் மணி பார்த்தாள். கவுண்டரில் ஒரு கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

"போங்க. போய் ஒரே ஒரு தடவை சரின்னு சொல்லிட்டு வாங்க."

"சரின்னு ஆரம்பிச்சா எனக்கு நிக்காதே."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வண்டியைச் சரிவில் உருட்டிவிட்டு நடுவில் நிறுத்தச் சொல்வது மாதிரி இருந்தது அவருக்கு. அவள் எழுந்து, அவரோடு உள்ளே வந்து, பின்னால் நின்றாள்.

"கணக்கு தொடங்கணுங்க" என்றார்.

பையனுக்கு உயிர் வந்தது. "தொடங்கிடலாம் சார். அப்போ அந்தக் கார்டையும் சேத்துடட்டுமா? நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும். எனக்கும் இந்த மாசக் கணக்குக்கு ஒண்ணு ஆகும்." கெஞ்சுகிற மாதிரி இருந்தது குரல். இப்படிக் கேட்கிறவர்களிடம்தான் அவர் எப்போதும் விழுவார்.

அவர் வாயைத் திறந்தார். ‘ச’ என்று வந்தேவிட்டது. மேசைக்கு அடியில் கால் அழுத்துவதும் மனைவிக்குத் தெரிந்தது. ஒரு காகிதம் பறந்து விழுந்து பையன் அதை எடுத்து வைக்கிற நேரம் அவர் அப்படியே இருந்தார்.

"சங்கடப்படாதீங்க தம்பி" என்றார் கடைசியில். "கணக்கு மட்டும் வேணும். கார்டு வேண்டாங்க."

கணக்கு எண்ணை வாங்கிக்கொண்டு நேராகப் பயிற்சிப் பள்ளிக்குப் போய் முதலாளி கையில் கொடுத்தார்கள். சம்பளம் புதுக் கணக்கில் விழுந்தது. முதல் தவணை போய்ச் சேர்ந்தது என்று ஆலோசகர் போன் செய்தபோது மனைவி தையல் மிஷின் முன்னால் இருந்தாள். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். வீடு இந்த மாதத்துக்கு நின்றுவிட்டது. இன்னும் எத்தனையோ மாதம் கிடக்கிறது.

அவர் வந்ததும் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே கேட்டாள்: "இனிமே எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுவீங்களா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் சூடேறியது. அவள் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் கொதிக்கவும் ஆரம்பித்தது.

"சொல்றேன்" என்றார். "சொல்றதுக்கு எனக்குப் பயமா இருக்கும். கொஞ்சம் லேட்டானாலும் சொல்லிடறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டது எதற்கும் அவர் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. அவள் அடுப்பைத் தணித்துவிட்டு இரண்டு டம்ளர்களை எடுத்து வைத்தாள்.