புத்தகத்துக்குள் நுழைந்த பசு

கிள்ளானிலிருந்து மேருவுக்குப் போகும் மண்சாலையை ஒட்டியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், முதல் வகுப்புப் புத்தகத்தைத் தடுமாறாமல் வாசிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான் என்று ஏழு வயதில் எனக்கொரு பேர் இருந்தது. புதிதாக வந்த டீச்சர் அந்தப் பேரை ஒரே காலையில் கெடுத்துவிட்டார்.

ரப்பர் விலை விழுந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களில் பாதி காலியாவதற்கு முந்தைய காலம் அது. பள்ளிக்கூடம் என்பது அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை. அதுவரை எங்களுக்கு இருந்த வாத்தியார், மரம் சீவும் வெட்டுக்காட்டிலிருந்து வரும் ரப்பர் பாலை நிறுக்கும் வேலையையும் சேர்த்தே பார்த்தார். அவர் ஒரு வரி சொல்வார், நாங்கள் கத்துவோம். பால் வந்துவிட்டால் அவர் எழுந்து போய்விடுவார்; நாங்கள் கத்திக்கொண்டிருப்போம். சத்தம் கேட்கும்வரை படிப்பு நடக்கிறது என்று தோட்டமே நிம்மதியாக இருந்தது. அப்படிக் கத்திக் கத்தியே புத்தகம் முழுவதும் எனக்குப் பாடமாகிவிட்டது. எந்தச் சொல்லோடு பக்கம் முடியும் என்பதுகூடத் தெரியும். அங்கே வந்ததும் விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டுவேன். வாசிப்பு என்றால் இதுதான் என்று நானும் மனப்பூர்வமாக நம்பினேன்.

வீட்டில் என்னைச் சோதிப்பது அப்பாவின் வேலை. வெட்டு முடிந்து வந்து, குளித்து, பால் நாற்றம் போகத் தேய்த்துக் கழுவிய கைகளோடு லயத்து வாசலில் ஒரு மரப்பெட்டியின்மேல் உட்காருவார். கிள்ளானில் வாங்கிய என் புத்தகம் அவர் மடியில் விரிந்திருக்கும். நான் எதிரே நின்று சொல்லச் சொல்ல அவர் விரல் வரிகளின்மேல் மெதுவாக நகரும். நான் மூச்சு வாங்கும் இடத்தில் பக்கத்தைத் திருப்புவார். ஒரு சொல்லை விட்டுவிட்டால் உடனே நிறுத்திவிடுவார். அந்த வரிசையில் இருந்த அத்தனை வீடுகளிலும் அப்பாவுக்குப் படித்தவர் என்ற மரியாதை உண்டு.

பழைய வாத்தியார் ஊருக்குக் கப்பலேறிப் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த ஒரு இளம்பெண். வேதக்காரர். நெற்றியில் பொட்டு இல்லை. காலில் சப்பாத்து இருந்தது. என் அம்மா பார்த்தது இந்த இரண்டையும்தான். அதற்குமேல் பார்க்க அவளுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

முதல் நாளே டீச்சர் என்னை வாசிக்கச் சொன்னார். நான் வழக்கம்போல மூச்சுவிடாமல் மூன்று பக்கம் ஓடினேன். அவர் புன்னகையோடு கேட்டுவிட்டு, வெளியே கிடந்த ரப்பர் இலைகளை எடுத்து வந்து பக்கத்தின் மேலும் கீழும் மூடினார். நடுவில் ஒரே ஒரு சொல் மட்டும் தெரிந்தது. அது என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தால் சொல்லிவிடுவேன் என்றேன். மற்ற பிள்ளைகளையும் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. எல்லாப் புத்தகங்களையும் வாங்கி ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டினார். அடிக்காத வாத்தியாரை எங்கள் தோட்டத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. உள்ளுக்குள் ஏதோ திட்டம் இருந்தாலொழிய ஒருவர் இப்படி அமைதியாக இருக்க முடியாது என்று எனக்கே பட்டது.

மறுநாள், மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் மங்குகளில் விளிம்பு உடைந்தவையாகப் பொறுக்கிவரச் சொன்னார். அவற்றைக் கவிழ்த்து ஒவ்வொன்றின் அடியிலும் சுண்ணக்கட்டியால் ஓர் எழுத்து எழுதினார். அ, ஆ என்று தொடங்கவில்லை. ட, ப, ம என்றுதான் தொடங்கினார். கோடு இழுக்கச் சுலபமான எழுத்துகளாம். ப, ட, ம் மூன்றையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் ஓசையையும் சொல்லி, பிறகு சேர்த்துச் சொல்லச் சொன்னார். படம். அடுத்து ‘ப’ மங்கினை எடுத்துவிட்டு ‘ம’ மங்கினை வைத்தார். இப்போது என்ன என்று கேட்டார். ஓசைகளை வாய்க்குள் சேர்த்துப் பார்த்தேன். மடம் என்றேன். யாரும் எனக்குச் சொல்லித்தராத ஒரு சொல்லை நான் சொல்லியிருந்தேன். சந்தோஷத்தைவிட பயம்தான் அதிகமாக இருந்தது.

வீட்டில் நான் இதைச் சொன்னபோது சித்தப்பாவும் இருந்தார். அவர் கோலாலம்பூருக்கு இரண்டுமுறை போய் வந்தவர். ஆகவே தோட்டத்துக்கு வெளியே நடக்கும் எந்தச் சதியும் அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. இருந்த படிப்பையும் பிடுங்கிப் பெட்டிக்குள் பூட்டியாயிற்று, இனி வேறு படிப்பை ஊற்றப் போகிறாள் என்றார்.

“முதல் எழுத்து அ இல்ல, ப. பாதிரிக்கும் ப தான். அடுத்து என்ன சொல்லிக் குடுத்தா? மடம். எந்த மடம்? கன்னியர் மடம்.”

அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து நான் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாம், தம்பியைப் பார்த்துக்கொண்டு மரங்களில் உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால் பொறுக்கப் போகட்டும் என்றாள். மற்ற வீடுகளிலும் இதே பேச்சுத்தான். முன்பு புத்தகம் முழுக்க வாசித்த பிள்ளைகள் இப்போது உடைந்த மங்குகளை வைத்துக்கொண்டு ‘ட’ என்றும் ‘ப’ என்றும் முனகுவதை எந்தப் பெற்றோர்தான் பொறுப்பார்கள்? அப்பா மட்டும், கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றார்.

ஒருநாள் டீச்சர் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தார். அன்று மாலை அப்பா பெட்டியின்மேல் உட்கார்ந்து என் புத்தகத்தை விரித்தார். நான் எதிரே நிற்காமல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு எழுத்துகளைப் பார்க்க வேண்டியிருந்தது. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். நான் எட்டிப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். முன்பு ஓடிய இடங்களில் இப்போது நொண்டி நொண்டித்தான் நடக்க முடிந்தது. நாங்கள் கூட்டமாகக் கத்திய வரிகளில் ஒன்று, ‘மாடு பால் தரும்’ என்பது. அந்த இடத்துக்கு வந்தேன். ப. சு. இரண்டையும் சேர்த்தேன்.

“பசு பால் தரும்.”

அப்பா நிறுத்தினார். தப்பு என்றார். மாடு என்றார். நான் மறுபடி பார்த்தேன். அங்கே மாடு இல்லை. ‘மா’ என்ற எழுத்தே இல்லை. அப்பா, இது ப, இது சு என்று விரலை வைத்துக் காட்டினேன். அப்பா அந்த இடத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புத்தகத்தை மூடினார்.

கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா துள்ளி எழுந்தார். அவருடைய சந்தேகம் இப்போது சாட்சியோடு நின்றது. மாடு என்று இருந்த புத்தகத்தைப் பெட்டியில் பூட்டிவைத்து, பசு என்று மாற்றித் திருப்பிக் கொடுத்திருக்கிறாள், அதுவும் ப! அட்டையில் மஞ்சள் கறை படிந்த அதே புத்தகம்தான் அது என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அன்று இரவுக்குள், ஆட்களை வேலை வாங்கும் தண்டல் காதுக்கும் செய்தி போயிற்று. உண்மை என்று தெரிந்தால் துரையிடம் சொல்லி அந்தப் பெண்ணை வந்த வழியே அனுப்பிவிடலாம் என்று அவர் சொன்னாராம்.

மறுநாள் காலை மழை. வெட்டு இல்லை. அப்பாவும் சித்தப்பாவும் லயத்து ஆட்கள் சிலரும் தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றார்கள். சித்தப்பாதான் பேசினார். டீச்சர் இடைமறிக்காமல் கேட்டார். அவர் விரல்கள் மட்டும் சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தன. பிறகு புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தை எடுத்து, அப்பாவிடம் நீட்டினார்.

“நீங்களே ஒரு தடவ பாருங்க அண்ணே.”

அப்பா வாங்கிக்கொண்டார். அவர் கட்டைவிரல் பக்கத்தின்மேல் இறங்கியது. நான் பார்த்தேன்: அது பசு இருந்த வரியில் இல்லை, அதற்கு இரண்டு வரி கீழே, கிளியைப் பற்றிய வரியில் இருந்தது. கோபத்தில் அப்பாவுக்கு இடம் தவறிவிட்டது என்று நினைத்தேன். டீச்சரும் அந்த விரலைப் பார்த்தார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். டீச்சர் மெதுவாகப் புத்தகத்தைத் திரும்ப வாங்கி மூடினார்.

“நீங்க சொன்னதும் சரிதாண்ணே. பசுவும் மாடுதானே. புள்ள எழுத்தப் பாத்துச் சொல்லிருக்கா. நீங்க அர்த்தத்தப் பாத்துச் சொல்லிருக்கீங்க.”

அப்படியானால் அண்ணன் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்கிறீர்களா என்று சித்தப்பா கேட்டார். ஒத்துக்கொள்கிறேன் என்றார் டீச்சர். அதற்குமேல் சண்டை போட சித்தப்பாவிடம் ஒன்றும் இருக்கவில்லை. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பேசினார்.

“எம்புள்ள இங்கதான் படிக்கும், டீச்சரம்மா.”

ரயில்வே குவார்ட்டர்ஸ்காரி தப்பை ஒப்புக்கொண்டாள் என்று சித்தப்பா வரிசை வரிசையாகப் போய்ச் சொன்னார். அதைக் கேட்ட பிறகு அம்மாவுக்கும் ஒட்டுப்பால் பேச்சு மறந்துபோனது. வருத்தம் எனக்கு மட்டும்தான். நான் சரியாக வாசித்திருந்தேன். அது டீச்சருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பெரியவர்களுக்குப் பயந்து மாற்றிப் பேசிவிட்டார். ஊரெல்லாம் அவரைச் சந்தேகித்தபோது நம்பிய நான், ஊரெல்லாம் சமாதானமான பிறகு சந்தேகிக்கத் தொடங்கினேன்.

அப்பாவும் சமாதானமாகவில்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் புத்தகத்தை மடியில் வைக்கவே இல்லை. வெட்டு முடிந்து வந்ததும் ஒரு பலகையையும் கரித்துண்டையும் என்னிடம் தருவார். இன்று என்ன சொல்லிக் கொடுத்தார்கள், எழுது என்பார். எழுதுவேன். இது என்ன? ஏன் இப்படி வளைகிறது? இதற்குக் கொம்பு எதற்கு? போலீஸ்காரர் கேட்பதுபோலக் கேட்பார். நேற்றுக் கேட்டதையே இன்றும் கேட்பார், நான் மாற்றிச் சொல்கிறேனா என்று பார்ப்பதற்காக. சில சமயம் அவரே தப்பாக ஒன்றைச் சொல்லி என்னைச் சிக்கவைக்கப் பார்ப்பார். நான் திருத்தினால் முறைப்பார். முறைத்துவிட்டு, கரித்துண்டை வாங்கி என் எழுத்தின்மேலேயே தானும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். சித்தப்பா வருவது தெரிந்தால் உள்ளங்கையால் பலகையைத் துடைத்துவிட்டு, பாடமெல்லாம் படித்தாயா என்று உரக்கக் கேட்பார்.

மாதக் கணக்கில் இது நடந்தது. ஒருநாள் நான் பொறுக்க முடியாமல் அம்மாவிடம் போய், டீச்சர்மேல் அப்பாவுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை, ஒவ்வோர் எழுத்தாக விசாரிக்கிறார் என்று முறையிட்டேன். அம்மா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே அப்பா பலகையை முழங்காலில் வைத்துக்கொண்டு தனியாகக் குனிந்து, ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். அம்மா என் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

“அவரு கேக்குறப்பல்லாம் சலிச்சுக்காம சொல்லிக் குடு.”

சலிக்காமல் சொன்னேன். நான் ஓர் எழுத்தை மாற்றிச் சொன்னாலும் டீச்சரை அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், அவரைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு, ஒன்று விடாமல் அப்பாவுக்குச் சொன்னேன்.