மேனேஜர் வீட்டில் இல்லாத மூன்று நாள்

தெருவில் எல்லோருக்கும் அவன் மெக்கானிக்தான். பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் பழுது பார்ப்பவன். ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க மாட்டான். வீட்டில் இருப்பவர்களைக் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்பான். "கம்ப்ரசர் நல்லாத்தான் இருக்கு, ஃபேன்தான் எங்கயோ தட்டுது" என்பான். பத்துக்கு ஒன்பது தடவை அதுவாகத்தான் இருக்கும். பத்தாவது தடவையைப் பற்றி அவன் யாரிடமும் பேசியதில்லை.

மனைவிக்கு பேக்கரியில் வேலை. விடிவதற்கு முன் கிளம்பினால் மதியம் ஒரு மணிக்குத் திரும்புவாள். அவள் செருப்பைக் கழற்றும்போது அவன் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவான். அதனால் காலைப் பொழுது முழுக்கக் குழந்தை அவன் பொறுப்பு. குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழில் நல்ல பெயர் ஒன்று இருந்தாலும் வீட்டில் அவள் வாண்டுதான்.

வாண்டுவுக்கு ஐந்து வயது மூத்தது வீட்டு நாய். வீடு மாறிப் போன ஒரு வாடிக்கையாளர், "இந்தப் பழைய மெஷினை எடுத்துட்டுப் போயிருங்க, அப்படியே இவனையும்" என்று கொடுத்தது. மெஷின் கடைசிவரை ஓடவில்லை. நாய் தங்கிவிட்டது. குட்டைக் கால், பழுப்பு உடம்பு, ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். யார் எந்த வேலை செய்தாலும் பக்கத்தில் வந்து நின்று பார்க்கும். தான் ஒரு துரும்பையும் கிள்ளிப்போடாது. மனைவிதான் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாள்.

வாண்டு பிறந்து வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள், இரண்டு தெரு தள்ளி இருக்கும் அவனுடைய அக்கா வந்தாள். மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள்.

"பச்சைப் பிள்ளை இருக்கற வீட்டுல நாய் எதுக்குடா? யாருக்காவது குடுத்துரு."

அவன் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "அவன் இந்த வீட்டுக்கு வந்து அஞ்சு வருஷம் ஆச்சு, அண்ணி. இவ வந்து அஞ்சு நாள்தான் ஆகுது. நியாயமாப் பார்த்தா யாரை அனுப்பணும்?"

அக்கா சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையும் எடுக்கவில்லை.

ஒரு வயது முடிந்தபோது வாண்டு மேனேஜரின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அது நகர்ந்தால் இவளும் இரண்டு அடி நடப்பாள். அது உட்கார்ந்தால் இவளும் பொத்தென்று உட்காருவாள். நாற்காலியில் வைத்து மசித்த வாழைப்பழம் ஊட்டினால் பாதி வாய்க்கு, பாதி தரைக்கு. தரைப் பங்கு மேனேஜருக்கு. வாசல் மணி அடித்தால் மேனேஜர் தலையைத் தூக்கும், எழுந்து போய்க் கதவு முன்னால் நிற்கும். அது குரைப்பது அபூர்வம். அது எழுந்த அதே நொடியில் வாண்டுவும் கதவைப் பார்ப்பாள். மதியம் அம்மாவின் காலடி படிக்கட்டில் கேட்டதும் மேனேஜர் வாலாட்டும், வாண்டு கை தட்டுவாள்.

"என் பொண்ணுக்குப் பாம்புக் காது. தொழிலுக்கு வாரிசு ரெடி" என்று மெக்கானிக் போகிற வீடுகளிலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அக்காவுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. "சத்தம் போடறா, சிரிக்கறா, எல்லாம் சரி. வார்த்தை ஒண்ணுகூட வரலையேடா."

"நானே மூணு வயசுலதான் பேசினேன்னு நீதானே சொல்லுவே."

"உனக்கு அது சோம்பேறித்தனம்" என்றாள் அக்கா. "இவ அப்படித் தெரியலை."

அவன் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் சாப்பிடவில்லை. தரையில் விழுந்த பழத்தை மோந்து பார்த்துவிட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது. சாயங்காலம் இரண்டு தடவை வாந்தி எடுத்தது. மறுநாள் காலையில் குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனான். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுப் படம் எடுத்தார். "உள்ள என்னமோ சுருண்டு கிடக்கு. திறந்துதான் எடுக்கணும். மூணு நாள் இங்கயே இருக்கட்டும்" என்றார். அன்றே அறுவை செய்து எடுத்தது வாண்டுவின் காலுறைகள். இரண்டு. அதுவும் ஜோடி இல்லை, வேறு வேறு.

நாய் பிழைத்துவிட்டது என்ற நிம்மதியோடு புதன்கிழமை காலை தொடங்கியது. கூடத்தில் வாண்டு டப்பா மூடிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள், முதுகு கதவுப் பக்கம். வாசல் மணி அடித்தது. பார்சல் கொண்டுவந்த ஆள் பொறுமை இல்லாதவர்; மூன்று முறை அழுத்தினார். மெக்கானிக் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டுத் திரும்பினான். வாண்டு அதே மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வேலையில் என்ன கவனம் என்று நினைத்துக்கொண்டான். அன்று மதியம் மனைவி வந்து கூப்பிட்டபோதும் அவள் திரும்பவில்லை. மனைவி குனிந்து தூக்கிய பிறகுதான் சிரித்தாள்.

"என்னடி, அம்மா மேல கோவமா?" என்றாள் மனைவி.

வியாழக்கிழமை காலை. வாண்டு கட்டிலின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவன் சமையலறையில் எவர்சில்வர் பாத்திரங்களை அடுக்கும்போது பெரிய தட்டு ஒன்று கைநழுவிக் கல்மேடை மேல் விழுந்து, அங்கிருந்து இன்னொரு பாத்திரத்தையும் தள்ளிக்கொண்டு உருண்டது. அவனுக்கே தூக்கிவாரிப்போட்டது. பயந்து அழப்போகிறாளே என்று ஓடினான். அவள் தன் கால் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

அவன் அறை வாசலிலேயே நின்றான். அவள் முதுகு அவன் பக்கம் இருந்தது.

பழுது பார்ப்பதில் அவனுக்கு ஒரு விதி உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். அவள் கண்ணில் படாமல் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ஒன்றும் இல்லை. கரண்டியால் மூடியில் தட்டினான். ஒன்றும் இல்லை. செல்போனை ஒலிக்கவிட்டான். அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டாள். அவளைத் தூக்கித் தரையில் உட்காரவைத்து, பின்னால் போய் ஓங்கி ஒரு மிதி மிதித்தான். உடனே திரும்பினாள். அவனுக்கு ஒரு கணம் உயிர் வந்தது. அப்புறம்தான் தரை அதிர்ந்தது என்பது உறைத்தது. கடைசியாகப் பையிலிருந்து டிரில்லை எடுத்து, கையை உயர்த்திப் பிடித்து, வெறும் காற்றில் ஓட்டினான். அவள் கை நின்றது. தலையைச் சாய்த்தாள். ஆனால் பார்த்தது அவனை அல்ல, எதிர்ப்பக்கச் சுவரை. ஏதோ கேட்டிருக்கிறது, எங்கிருந்து என்றுதான் தெரியவில்லை.

டிரில்லை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான். இத்தனை நாளும் அவள் மணியைக் கேட்கவில்லை, மேனேஜரைப் பார்த்திருக்கிறாள். அது எழுந்தால் யாரோ வந்திருக்கிறார்கள். அது வாலாட்டினால் அம்மா வந்துவிட்டாள். அவ்வளவுதான். மனைவி வரும்வரை அவன் அந்த இடத்தை விட்டு எழவில்லை.

மனைவி நம்பவில்லை. "நீங்க எதைப் பார்த்தாலும் ரிப்பேர்னு சொல்ற ஆளு."

"நீயே கூப்பிட்டுப் பாரு. அவ முன்னாடி மட்டும் போகாத."

அவள் சமையலறை வாசலில் நின்று கூப்பிட்டாள். முதலில் கொஞ்சலாக, அப்புறம் உரக்க, மூன்றாவது தடவை கிட்டத்தட்டக் கத்தினாள். வாண்டு மூடியை உருட்டிவிட்டு அது போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி திரும்பிப் போய்க் குழாயைத் திறந்தாள். நகக்கண்ணில் ஒட்டியிருந்த மாவை வெகுநேரம் தேய்த்துக் கழுவினாள்.

"ஒரு வருஷமா தினம் பாட்டுப் பாடித் தூங்க வச்சிருக்கேன்" என்றாள், திரும்பாமலே.

"மடியில போட்டுத்தானே பாடினே. உன் நெஞ்சு அதிர்றது அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்." ஆறுதலுக்காகச் சொன்னதல்ல. அவனுக்குத் தெரிந்த விஷயம் அது.

"ஊர் வீட்டு மெஷினுக்கெல்லாம் காதை வைக்கறீங்களே" என்று தொடங்கியவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். மீதியை அவன் தானாகவே தனக்குச் சொல்லிக்கொண்டான். அன்று அவன் வேலைக்குப் போகவில்லை.

செய்தி கேட்டு அக்கா வந்தாள். "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை வரும் என்று அவன் காத்திருந்தான். வரவில்லை. "சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, காது பரிசோதிக்கும் இடம் ஒன்றைக் கண்டுபிடித்துப் பத்து நாள் கழித்து வரும்படி நேரமும் வாங்கிவிட்டாள்.

மறுநாள் மேனேஜர் திரும்பி வந்தது. தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு ஒன்றை மாட்டியிருந்தார்கள். வாண்டு அந்தக் கூம்புக்குள் தலையை விட்டுச் சிரித்தாள். மெக்கானிக்குக்கு நாய் மேல் கோபம் வந்தது. "கூடவே இருந்து மூடி மறைச்சிட்டயேடா" என்றான். அது அவன் முகத்தைப் பார்த்து வாலாட்டியது, கூம்பு கதவில் இடித்தது. கோபம் அரை மணி நேரம்தான் தாங்கியது.

பரிசோதனைக்குக் குழந்தை நன்றாகத் தூங்க வேண்டும். அதனால் அதுவரை தூங்கவிடாமல் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். வாடகைக் காரில் போகும்போது வாண்டுவின் கண் செருகிக்கொண்டே வந்தது. மனைவி உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினாள், அக்கா ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள், மெக்கானிக் முன் சீட்டிலிருந்து திரும்பிக் கோமாளிபோல் முகத்தை மாற்றி மாற்றிக் காட்டினான். சரியாக அந்த அறைக்குள் போய்ப் படுக்கவைத்ததும் அவள் முழித்துக்கொண்டாள். மறுபடி தூங்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர்களை ஒட்டி, கம்ப்யூட்டரில் கோடுகளைப் பார்த்த பெண் நிதானமாகச் சொன்னார். இரண்டு காதிலும் கேட்கும் திறன் நிறையக் குறைந்திருக்கிறது, ஆனால் முழுக்கப் போய்விடவில்லை. கருவி மாட்டினால் கேட்கும், பயிற்சி கொடுத்தால் பேச்சு வரும்.

"பிறந்தப்ப டெஸ்ட் பண்ணி நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க" என்றாள் மனைவி.

"அப்ப நல்லாவே இருந்திருக்கலாம். சில குழந்தைங்களுக்குப் போகப்போகக் குறையும். நீங்க செஞ்சதால வந்தது இல்லை இது." அப்புறம் கேட்டார்: "வீட்டுல சந்தேகமே வரலையா?"

மெக்கானிக் நாயைப் பற்றிச் சொன்னான். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப கெட்டிக்காரிதான்" என்றார். "காது செய்யவேண்டிய வேலையைக் கண்ணால செஞ்சிருக்கா. இவ சீக்கிரம் கத்துப்பா."

திரும்பி வரும் வழியில் முதன்முறையாக மனைவி அழுதாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்துக் கருவிகள் வந்தன. அவரைவிதை அளவுக்கு இரண்டு, இளஞ்சிவப்பு. மாட்டினதும் குழந்தை முகம் மலர்ந்து சிரிப்பாள் என்று மெக்கானிக் எதிர்பார்த்திருந்தான். வாண்டு அழுதாள். குழாயைத் திறந்தால் அழுதாள், நாற்காலியை இழுத்தால் அழுதாள், அத்தை தும்மினால் அழுதாள். ஒரு வருடம் அமைதியாக இருந்த உலகம் திடீரென்று அவளைப் பார்த்துக் கத்தியது. இரண்டாம் நாள் தெருவில் ஏதோ வண்டி போனதற்கு மேனேஜர் வழக்கத்துக்கு மாறாக ஒரு குரைப்புக் குரைத்தது. வாண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அப்படியே வெலவெலத்துப்போனாள்.

அதன் பிறகு ஒரு வாரம் அவள் மேனேஜரை அண்டவில்லை. அது பக்கத்தில் வந்தால் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். நாய்க்கு ஒன்றும் புரியவில்லை. கூடத்தின் ஓரத்தில் தாடையைத் தரையில் வைத்துப் படுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. மனைவி பேக்கரியிலிருந்து வந்ததும் முதலில் அதன் தலையைத் தடவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்கினாள்.

எட்டாம் நாள் வாண்டு இடது காதுக் கருவியைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். மேனேஜர் வந்து மோந்து பார்த்து, வாயில் போட்டு, இரண்டு கடி கடித்தது. மெக்கானிக் பாய்ந்து தாடையைப் பிளந்து பிடுங்கினான்.

"துப்புடா. காலுறையே போதும், இதையும் முழுங்கி வச்சிறாத."

வாண்டு இதைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். நகர்ந்து வந்து, அப்பா நாயின் வாயைப் பிளந்ததுபோலத் தானும் அதன் வாய்க்குள் கையை விட்டாள். மேனேஜர் அசையாமல் காட்டிக்கொண்டிருந்தது. அந்த வாரத்துப் பயம் அத்தோடு போனது. கருவியில் ரப்பர் பாகம் மட்டும்தான் கிழிந்திருந்தது. வேறு வாங்கி மாட்டினார்கள். இரண்டு கருவிகளையும் ஒரு கயிற்றில் கோத்துச் சட்டைக் காலரில் கிளிப் போட்டுவைத்தார்கள்.

பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் போனார்கள். வீட்டிலும் செய்யச் சொல்லியிருந்தார்கள்: எந்தச் சத்தம் கேட்டாலும் நிறுத்தி, அவளுக்குக் காட்டி, அது என்ன என்று சொல்ல வேண்டும். மெக்கானிக்குக்கு இது இயல்பாக வந்தது. பிரிட்ஜின் பக்கவாட்டில் அவள் காதைச் சேர்த்து வைத்து, "இது மோட்டார். இப்ப நின்னிருச்சு பாரு" என்பான். வாண்டு உதட்டைப் பிதுக்கித் தலையாட்டுவாள். மணி அடித்தால் இப்போது சில நாள் மேனேஜருக்கு முன்பே அவள் கதவைப் பார்த்தாள். சில நாள் பார்க்கவில்லை. எந்த நாளில் எது என்று சொல்ல முடியாது.

ஒன்றரை வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் கூடத்தில் இருந்தபோது, கையில் மூடியை வைத்துக்கொண்டு வாண்டு தெளிவாக, "மா" என்றாள்.

"அம்மான்னு சொன்னா" என்றாள் மனைவி.

"மேனேஜரைப் பார்த்துல்ல சொன்னா" என்றான் அவன்.

"மூடின்னு சொல்ல வந்திருப்பா, விடுங்க ரெண்டு பேரும்" என்றாள் அக்கா. "இன்னொரு தடவை சொல்லட்டும்."

மூவரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். வாண்டு மூடியைத் தரையில் தட்டி, அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, மறுபடி தட்டினாள்.