ஆறு மணிக்குக் கேட்ட இன்ஜின்

இது நடந்தது. எனக்கு நடந்தது. கேட்டவர் சொல்லி, சொன்னவர் கேட்டு வந்த கதை அல்ல.

நான் குடிக்கிறவன் இல்லை. இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை. கண்ணால் பார்த்ததை, பார்த்த நேரத்தோடு நோட்டில் குறித்து வைத்துப் பழகியவன். அதனால் இதில் வரும் நேரமெல்லாம் சரியான நேரம். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இதையே ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "இதை நான் எழுதிக்கல சார்" என்றார்.

எனக்குப் பழைய இயந்திரங்கள் என்றால் பைத்தியம். வீட்டுக்குப் பின்னால், இருபதடி தள்ளி, ஒரு தகரக் கொட்டகை. அதில் கதவில்லாத பழைய கார் ஒன்று, தண்ணீர் இறைக்கும் இன்ஜின் இரண்டு, தானியம் தூற்றும் இயந்திரம் ஒன்று. லீவு நாளில் விடிந்ததும் உள்ளே போனால் பசி எடுத்தால்தான் வெளியே வருவேன். துருவைச் சுரண்டிக்கொண்டே இருக்கும்போது அடியில் பழைய பெயின்ட் எட்டிப் பார்க்கும். அந்த ஒரு நிமிடத்துக்காக நான் எதை வேண்டுமானாலும் விடுவேன்.

"எனக்குக் காய்ச்சல்னாகூட நீங்க இப்படித் தொட்டுப் பார்த்ததில்ல" என்பாள் என் மனைவி.

அப்படித்தான் ஒரு பழைய டிராக்டர் என் கண்ணில் பட்டது. ஒற்றை சிலிண்டர். பக்கவாட்டில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு இரும்புச் சக்கரம். கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். சக்கரத்தில் பெல்ட் மாட்டினால் கதிரடிக்கும் இயந்திரத்தையும் ஓட்டலாம். எங்கள் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டரில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய பண்ணை. அங்கே இடிந்த கொட்டகைக்குள் கிடந்தது. பண்ணை முதலாளிக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். பழைய இரும்பு விலைக்கே கொடுத்துவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஓட்டறதுக்குன்னா கிடையாது. உடைச்சு உருக்கிடணும்."

"சரிங்க ஐயா."

"வாயைத் திறந்து சொல்லுங்க. உருக்கிடறேன்னு."

"உருக்கிடறேன்."

இரண்டு முறை சொல்ல வைத்தார். இரண்டு முறையும் வாய் கூசாமல் பொய் சொன்னேன். அப்படி ஒரு அழகான இயந்திரத்தை உருக்க எனக்கு மனசு வருமா? லாரியில் ஏற்றும்போது அவர் வெளியே வரவில்லை. ஜன்னல் திரை மட்டும் அசைந்தது.

நான்கு மாதம் அதோடுதான் வாழ்ந்தேன். ஒவ்வொரு போல்ட்டையும் மண்ணெண்ணெயில் ஊற வைத்துக் கழற்றினேன். பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. பதினேழு நாள் எண்ணெய் ஊற்றி, தட்டி, கெஞ்சி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அது வழிவிட்டது. அன்றைக்குச் சக்கரம் முதல் முறையாக ஒரு முழுச் சுற்று சுற்றியது. குழந்தை நடை பழகியதுபோல் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கையில் கரண்டியோடு வந்து பார்த்துவிட்டு, "சரி, சாப்பிட வாங்க" என்றாள்.

எரிபொருள் பம்ப் மட்டும் பாழாகியிருந்தது. ஒரு திங்கட்கிழமை அதைக் கழற்றி, டவுனில் இருக்கும் பம்ப் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வயதானவர். பம்பைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். அதிலிருந்த ஒரு பற்றவைப்புத் தழும்பை விரலால் தடவினார்.

"இது நான் வெச்ச வெல்டு. இந்த மெஷினை ஓட்டப் போறீங்களா?"

"ஆமா. ஏன்?"

"முதலாளிக்குத் தெரியுமா?"

பம்ப் எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். அவர் பம்பை மேஜைமேல் வைத்தார். வெள்ளிக்கிழமை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

பம்ப் இல்லாத இன்ஜின் ஓடாது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் இதயம் இல்லாத ஆள் மாதிரி அது.

செவ்வாய்க்கிழமை மாலை 6:20. பள்ளியிலிருந்து வந்ததும் கொட்டகைக்குப் போனேன். காலையில் சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதை உச்சியில் நிறுத்தியிருந்தேன். இப்போது கோடு அடியில் இருந்தது. சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று தள்ளியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மாலை 6:25. காலையில் உச்சிக்கு ஏற்றி வைத்த கோடு மறுபடியும் அடியில். புகைக்குழாயில் கை வைத்தேன்.

சுட்டது.

வெயிலில் சூடான தகரம் மாதிரி இல்லை. சற்றுமுன் வரை ஓடிய இன்ஜினின் சூடு. மனைவியைக் கூப்பிட்டேன். அவள் தொட்டுப் பார்த்தாள்.

"உங்க செல்லத்துக்குக் காய்ச்சல் போல" என்றாள். சிரித்தாள். பிறகு கையை எடுத்துப் பார்த்தாள். விரல் நுனியில் கரி. ஈரமான, புதுக் கரி. அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீங்க பம்பைக் கழட்டிட்டதா சொன்னீங்களே."

"கழட்டிட்டேன்."

அவள் விரலைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டாள்.

வியாழக்கிழமை மாலை 5:50. வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பண்ணை முதலாளி. முழுக்கைச் சட்டையில் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன. கண்கள் சிவந்திருந்தன. வீட்டுக்குள் வரவில்லை. நேராகக் கொட்டகைக்கு நடந்தார். வழி கேட்கவே இல்லை.

"உருக்கிடறேன்னு சொன்னே" என்றார்.

"மன்னிச்சுடுங்க ஐயா. மனசு வரல."

"மூணு நாளா ஆறு மணியானா ஓட்டறே."

"இல்லீங்க. இன்னும் ஒரு தடவைகூட ஸ்டார்ட் பண்ணல."

"எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்? ஆத்துக்கு அந்தப் பக்கம் என் கட்டில்வரைக்கும் கேக்குது."

"ஐயா, இதுல பம்பே இல்ல. நீங்களே பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். பம்ப் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை. பக்கத்தில், துணி அடைத்த இரண்டு செப்புக் குழாய்கள். அவ்வளவுதான். நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது.

சுவரோரம் என் சம்மட்டி சாய்ந்திருந்தது. அதை எடுத்தார்.

"ஐயா, வேண்டாம்."

மணி பார்த்தேன். 5:59. ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை.

சம்மட்டி சக்கரத்தின் மேல் விழுந்தது. ணங்...

அந்த ஒலி அடங்கவில்லை. தகரக் கூரையில் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் இரண்டாவது அடிக்கு ஓங்கினார்.

சக்கரம் அசைந்தது.

அடியில் இருந்த சாக்பீஸ் கோடு மெதுவாக மேலே வந்தது. உச்சியில் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபக்கம் இறங்கியது.

டுக்.

...

டுக்.

...

டுக். டுக். டுக்.

புகைக்குழாயிலிருந்து வட்ட வட்டமாகக் கரும்புகை. மேலே தொங்கிய பல்பு ஆடியது. என் பற்கள் அதிர்ந்தன. அவர் சம்மட்டியைப் போட்டுவிட்டுப் பின்வாங்கினார்.

பின்வாங்க முடியவில்லை.

சக்கரத்தின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணியில் அவர் வலது சட்டைக் கை மாட்டியிருந்தது. துணி முறுக்கிக்கொண்டு உள்ளே போனது. துணியோடு கையும்.

அவர் அலறினார்.

சிலிண்டர் தலையில் ஒரு சின்ன லிவர் உண்டு. அதைத் தூக்கினால் காற்று வெளியேறிவிடும். இன்ஜின் நின்றுவிடும். கட்டை விரலளவு லிவர். சின்னப் பிள்ளைகூடத் தூக்கிவிடும்.

நான் பாய்ந்தேன். என் வலது கை லிவரின் மேல் இருந்தது.

தூக்கினால் போதும்.

தூக்க முடியவில்லை.

என் கைமேல் இன்னொரு கை இருந்தது.

கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் இருந்தது. காய்ப்புக் காய்த்த உள்ளங்கை. கிரீஸ் வழுவழுப்பு. கனம். அது என் கையை நசுக்கவில்லை. சும்மா வைத்திருந்தது. அவசரமே இல்லாமல்.

"தூக்கு... லிவரைத் தூக்கு..." என்றார் அவர்.

"முடியல ஐயா..."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். அவர் வாய் கோணியது.

"அன்னிக்கு... எனக்குக் கை வரலப்பா..." என்றார். என்னிடம் அல்ல. "சத்தியமா... கை வரல..."

என் காதருகே மூச்சுக் காற்று. வைக்கோல் தூசி வாசனை.

நிதானமாக ஒரு குரல்.

"இவருக்கும் வரல."

டுக். டுக். டுக்.

சாக்பீஸ் கோடு சுற்றியது.

சுற்றியது...

சுற்றியது...

அலறல் நின்றது.

என் கைமேல் இருந்த கனம் போனது.

லிவர் தானாக மேலே எழும்பியது.

6:04.

மனைவி ஓடி வந்தபோது சக்கரம் நின்றிருந்தது. நான் அவரைச் சக்கரத்திலிருந்து பிரித்துக்கொண்டிருந்தேன். என்னால் தனியாக முடியவில்லை. அவள்தான் கத்தரிக்கோல் கொண்டுவந்து துணியை வெட்டினாள். அவருக்கு உயிர் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த இன்ஜின் ஓடினால் மூன்று கிலோமீட்டர் கேட்கும். இருபதடி தள்ளி அடுப்படியில் நின்றவளுக்கு அவர் கடைசியாக அலறியது மட்டும்தான் கேட்டது. "இன்ஜினா? எந்த இன்ஜின்?" என்றாள்.

போலீஸ் வந்தது. பம்ப் இல்லாத இன்ஜினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். தங்களுக்குத் தெரிந்த வேறொரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து பார்க்கச் சொன்னார்கள். இது ஓட வழியே இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்தார். போலீஸ் முடிவு இது: முதலாளி கோபத்தில் சம்மட்டியால் அடித்தார், அடித்த வேகத்தில் சக்கரம் சுழன்று சட்டையை இழுத்தது, சட்டைக் கழுத்து இறுகியது. விபத்து. கேஸ் முடிந்தது.

எனக்கு முடியவில்லை. நான் அவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருந்தால் அந்த இரும்பு எப்போதோ உருகிப்போயிருக்கும். அவர் தன் கட்டிலில் படுத்துத் தூங்கியிருப்பார். செத்துக் கிடந்த ஒன்றை நான்கு மாதம் எண்ணெய் ஊற்றி, கெஞ்சி, எழுப்பிவிட்டது நான்தானே.

அடுத்த வாரம் பம்ப் மெக்கானிக்கிடம் போனேன். அவர் கடையில் வேறு யாரும் இல்லை. என்னை உட்கார வைத்துச் சொன்னார்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்த மெஷினை ஓட்டியவர் ஒரு ஆபரேட்டர். பக்கத்து நிலத்தை வேலி தள்ளிப் பிடித்துக்கொண்டதாக முதலாளி மேல் ஒரு வழக்கு. வேலி எங்கே இருந்தது என்று கண்ணால் பார்த்த ஒரே சாட்சி அந்த ஆபரேட்டர். உள்ளதைத்தான் சொல்வேன் என்று சொல்லிவிட்டார். மறுநாள் கோர்ட். முந்தின நாள் மாலை ஆறு மணிக்குக் கதிரடிக்கும்போது பெல்ட் அவரை இழுத்துக்கொண்டது.

"லிவர் பக்கத்துல யார் இருந்தா?" என்று கேட்டேன்.

"முதலாளி. லிவர்மேல கையை வெச்சுக்கிட்டுத்தான் நின்னாராம். நாலஞ்சு நிமிஷம்."

"ஏன் தூக்கலன்னு யாரும் கேக்கலையா?"

"கேட்டாங்க. பதட்டத்துல கை வரலன்னுட்டாரு. அவரை எதிர்த்து மேல கேக்க யாருக்குத் துணிச்சல்?"

ஆபரேட்டரின் மனைவி எங்கே இருக்கிறார் என்றும் அவரே சொன்னார். பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, ஒரு பஸ் நிறுத்தத்தின் பின்னால், ஒற்றை அறை வீடு. தையல் வேலை.

நான் போனபோது அந்த அம்மா மிஷினில் ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. என் கைமேல் இருந்த கையைப் பற்றியும் சொன்னேன். அவர் மிஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அழவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

"என்னை மன்னிச்சுடுங்க" என்றேன். எதற்கென்று எனக்கே புரியவில்லை.

மிஷின் நின்றது.

"அது எந்தக் கிழமை?" என்று கேட்டார்.

"வியாழன்."

"மணி?"

"ஆறு நாலு."

அவர் தலையசைத்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"ஆறு பத்துக்கு என் வீட்டுக்காரர் இங்க வந்தாரு" என்றார்.

வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"உள்ள வரல. கதவுக்கு வெளியே நின்னு தண்ணி கேட்டாரு. குரல் தெரிஞ்சுது. நான் கதவை முழுசாத் திறக்கல. கொஞ்சமாத் திறந்து வாளியை வெளியே தள்ளி வெச்சேன். சோப்பும் கேட்டாரு. கொடுத்தேன்."

வெளியே பஸ் ஒன்று நின்று புறப்பட்டுப் போனது.

"கையைக் கழுவினாரு. கழுவிக்கிட்டே இருந்தாரு. இருட்டற வரைக்கும் தண்ணிச் சத்தம் கேட்டுது. போதும், தேஞ்சுடப் போகுதுன்னு உள்ளேயிருந்து சொன்னேன். அதுக்கு அவர், 'இது என் கை இல்ல, இரவல் வாங்கின கை. சுத்தமாத்தான் திருப்பிக் கொடுக்கணும்'னாரு."

அப்போதுதான் அந்த அம்மா நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார்.

"கொடுத்துட்டாரா?" என்று கேட்டார்.