முதலை போன பிறகு

தீவில் இருக்கும் வண்டூரில் எங்கள் வீட்டுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே ஓர் ஓடை. நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம் அதில் முதலை வந்து ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு போனது. மறுநாளே மூன்று வீட்டுப் பெண்கள் கையில் கம்போடு பள்ளிப் பிள்ளைகளான எங்களைப் பாலம் தாண்டிக் கொண்டுபோய் விட ஆரம்பித்தார்கள். என் அம்மா, பக்கத்து வீட்டு வங்காளி மாஷி, எதிர்வீட்டுத் தெலுங்கு அத்தை. வேலித் தகராறில் மாஷியும் அம்மாவும் அதுவரை பேசிக்கொண்டதில்லை. அப்பா இல்லாமல் அம்மா ரோட்டுப் பக்கம் போனதும் இல்லை. முதலை வந்ததும் இரண்டும் ஒரே நாளில் மாறிப்போயின.

படகு என்ஜின் மெக்கானிக்கான அப்பா அவர்களை 'ராணுவக் கூட்டணி' என்பார். டிவி செய்தியில் எந்த நாட்டுப் படையைக் காட்டினாலும், "உங்க அம்மா இதுல சேரலையா?" என்று என்னிடம் கேட்பார்.

இரண்டு மாதத்தில் வனத்துறையினர் கூண்டு வைத்து முதலையைப் பிடித்துப் போனார்கள். கூட்டணி கலையவில்லை. எங்களை பஸ் ஏற்றிவிட்டு மூவரும் அங்கேயே நின்று பேசினார்கள். பிறகு ஒன்றாகச் சந்தைக்குப் போனார்கள். பாதி நாள் எங்கள் நிறுத்தத்தில் நிற்காமல் போகும் பஸ்ஸைப் பற்றி மாஷி இந்தியில் புகார் எழுத, அம்மா முதல் கையெழுத்துப் போட்டாள்.

அப்பாவிடம் அம்மா சொல்லியிருந்தது வேறு. முதலைக்கு ஜோடி ஒன்று உண்டாம், அது இன்னும் ஓடையில்தான் கிடக்கிறதாம்.

ஒருநாள் சாப்பிடும்போது நான் போட்டு உடைத்தேன். "ஜோடியெல்லாம் இல்லப்பா. இவங்க சும்மா பேசிட்டு நிக்கிறாங்க."

அப்பா நிதானமாகக் கை கழுவிவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். "எதிரிதான் போயாச்சே, அப்புறம் எதுக்குப் படை? நாளையிலிருந்து நீ வீட்டுல இரு. பிள்ள தானா போவா."

மறுநாள் காலை அம்மா எனக்கு வலிக்க வலிக்கத் தலை பின்னிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வாசலில் மாஷியும் அத்தையும் கம்போடு நின்றார்கள்.

"பாபி கிதர்?" என்று அம்மாவைத் தேடினாள் மாஷி.

"அம்மா வரமாட்டாங்க. அப்பா வேணாம்னுட்டாரு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நேரே முற்றத்துக்குள் வந்தார்கள். பாதி முகம் சோப்பு நுரையோடு அப்பா வெளியே வந்தார்.

"முதலைதான் போயிடுச்சே?"

"முதலை போச்சு அண்ணா. பஸ் நிக்கலையே!" என்றாள் அத்தை. "இன்னைக்கு மூணு பேரும் ரோட்ல நிக்கப் போறோம். அக்கா இல்லாம முடியாது."

"சலோ பாபி, லேட் ஹோ ரஹா ஹை!" நேரமாகிறதென்று மாஷி அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

அம்மா வந்தாள். கோயிலுக்கு மட்டும் கட்டும் பச்சைப் புடவையில் இருந்தாள். அப்பா புடவையைப் பார்த்தார், கம்புகளைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"குடை எடுத்துட்டுப் போ. மழை வரும்."

மூவரும் நடுரோட்டில் கைகோத்து நின்றார்கள். பஸ் நின்றது. டிரைவர் இந்தியில் கத்திப் பார்த்து ஓய்ந்துபோனார். ஒரு பிள்ளை விடாமல் ஏறினோம். பின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மழை பிடித்துக்கொண்டிருந்தது. அம்மா குடையை விரிக்காமல், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிப் பெருமையடித்தேன். அவர்கள் யாரை எதிர்த்து நின்றார்கள் என்று எவராவது கேட்டிருந்தால், பஸ் டிரைவரை என்றுதான் அந்த வயதில் சொல்லியிருப்பேன்.