கழற்றி வைத்த சீட்

ஓப்பநாயக்க டவுனுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எனக்குப் பத்து வயது நடந்தபோது, வீட்டில் ஒரு பழைய ஜீப்பை வாங்குவதா வேண்டாமா என்று மூன்று வாரம் பேசினார்கள். எங்கள் குடும்பத்தில் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு நாள் பேசியதில்லை. அப்பா தோட்டத்துக் கொழுந்து லாரியின் டிரைவர். அம்மா மலையில் கொழுந்து எடுப்பவர். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கொழும்பில் இரண்டு வருடம் கடை வேலை செய்துவிட்டுத் திரும்பியிருந்தார். ஆகவே உலகத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஜீப் யோசனையும் அவருடையதுதான்.

யோசனையைக் குறை சொல்ல முடியாது. எங்கள் டிவிஷனுக்குப் பாதை உண்டு என்பது ஆபீசில் தொங்கிய வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்; நடந்தவர்களுக்குத் தெரியாது. கல்லும் ஓடையுமாகக் கிடந்த அதில் எந்த வேன்காரனும் டயரை வைக்க மாட்டான். அரிசி மூட்டையானாலும் கல்யாணப் பெண்ணானாலும் வயிற்றுவலிக்காரரானாலும் கொழுந்து லாரியில்தான் போய்வர வேண்டும். அதற்கும் ஒரு முறை இருந்தது. மடுவம் என்கிற கொட்டகையில் கொழுந்து நிறுத்து ஏற்றும்வரை நோயாளி காத்திருக்க வேண்டும். பிறகு சாக்குகளின் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளலாம். லாரி முதலில் பக்டரிக்குப் போய்க் கொழுந்தை இறக்கும். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போய் ஆளை இறக்கும். கொழுந்து சூடேறினால் கெட்டுவிடும் அல்லவா? இதை யாரும் அநியாயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. மழை பெய்வதைப் போல அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாளில், டவுனில் இரும்புக் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன், எல்லாருக்கும் நானா, அந்த ஜீப்பை லயத்துக்கே ஓட்டிக்கொண்டு வந்தார். அதுவரை அது மாணிக்கக் குழிகளுக்குத் தண்ணீர்ப் பம்ப் இழுத்துக்கொண்டிருந்த வண்டி. கதவிடுக்கில் எல்லாம் குழி மண் காய்ந்து கிடந்தது. லயம் முழுவதும் வெளியே வந்து நின்றது. நான் மட்டும் வேடிக்கை பார்க்க நிற்கவில்லை. எனக்கு அதில் மானப் பிரச்சினை இருந்தது. ஜீப் வாங்கியாகிவிட்டது என்று வகுப்பில் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். யார் யார் எங்கே உட்கார்வது என்றுகூடப் பிரித்துக் கொடுத்திருந்தேன்.

மாமா ஓடிப்போய் மீட்டரைப் பார்த்தார். "மச்சான், இங்க வந்து பாருங்க! நாலாயிரம் மைல்தான் ஓடியிருக்கு. புது வண்டிங்க!"

நானாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "பொய் செல்லி யாவாரம் செய்யேலாது தம்பி. அதுல அஞ்சு நம்பர்தான் இருக்கி. முடிஞ்சா திரும்பச் சைபர்ல இருந்து வரும். என்ட கையிலயே ஒருக்கா சுத்தி வந்திட்டு. எனக்கு முந்தி எத்தின தரம் சுத்திச்சோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்."

மாமா அசரவில்லை. "பாத்தீங்களா, அவ்வளவு ஓடியும் நிக்கலன்னா இனிமேலும் நிக்காது" என்றார். எனக்கு அது மறுக்க முடியாத நியாயமாகப் பட்டது.

அப்பா மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிளட்ச் பெடலைக் கையால் தடவினார். அதன் இரும்பு அம்மிக் குழவியைப் போல வழவழவென்று தேய்ந்திருந்தது. சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். பிறகு எழுந்து, ஓடை வரைக்கும் ஓட்டிப் பார்ப்பதற்காக ஏறி வண்டியைக் கிளப்பினார். நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் சளக் சளக் என்று சத்தம் கேட்டது. மாமா யாருக்கும் தெரியாமல் பூசைக்குத் தேசிக்காய், எலுமிச்சைதான், வைத்திருந்தார்.

"இன்னும் வாங்கவே இல்ல, அதுக்குள்ள யாருடா தேசிக்காய் வெச்சது?" என்று அப்பா கத்தினார்.

நானா விழுந்து விழுந்து சிரித்தார். "பூசை முடிஞ்சா வண்டி ஒங்களுதுதான் டிரைவர்!"

தேசிக்காய் நசுங்கிய வண்டியைத் திருப்பி அனுப்பினால் சாமிக் குத்தம் என்று லயத்துப் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். நானும் சாமியின் பக்கமே நின்றேன். ஆனால் அப்பா ஓடையைக் கடந்து, எதிர்மேட்டில் ஏறி, திரும்பி வந்து இறங்கியபோது முகம் தெளியவில்லை.

"நாலு சக்கரமும் நல்லா இழுக்குது, இல்லன்னு சொல்லல. ஆனா மூணாவது கியர் கழலுது. கையால புடிச்சிக்கிட்டேதான் ஓட்டணும். கியர்ப் பொட்டில எண்ண ஒழுகுது. அடியில பூராத் துரு. மத்தவங்க ஓட்டிக் கழிச்ச வண்டி நமக்கு வேணாம்."

திங்கட்கிழமை வகுப்பில் என்ன சொல்வது என்று நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அப்போதுதான், அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்ற அம்மா வண்டியின் பின்பக்கம் வந்தார். உள்ளே இரண்டு பக்கமும் நீளமாக எதிரெதிரே இரண்டு சீட் இருந்தன.

"இதுல ஒரு சீட்டக் கழட்டலாங்களா?"

"நாலு நட்டுத்தான் தங்கச்சி" என்றார் நானா. அவர் கையாலேயே கழற்றி வெளியே வைத்தார்.

அம்மா அப்பாவின் சாக்கை எடுத்து அந்த இடத்தில் விரித்தார். ஏறி, காலை நீட்டி மல்லாந்து படுத்துக்கொண்டார். லயமே பார்த்துக்கொண்டிருக்கிறது! சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் ஜீப்பில் ஏறும் வாய்ப்பை விட மனமில்லாமல் மிச்சமிருந்த சீட்டில் தாவி உட்கார்ந்துவிட்டேன்.

"இப்ப ஓட்டுங்க" என்றார் அம்மா.

அப்பா ஓட்டினார். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை மூன்றாவது கியரில். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துப் படுத்திருந்தார். நான் மட்டும் கல்லுக்குக் கல் கூரையில் தலையை இடித்துக்கொண்டேன். மடுவம் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று பக்டரிக்கு, மற்றது ஆஸ்பத்திரி இருக்கும் டவுனுக்கு. அப்பாவின் கை பழக்கத்தில் பக்டரிப் பக்கம் வளைத்தது.

"அங்க வேணாம். நேரா போங்க" என்றார் அம்மா, கண்ணைத் திறக்காமலே.

வண்டி நின்றுவிட்டது. அப்பா திரும்பி, வயிற்றின் மேல் இருந்த அம்மாவின் கையைப் பார்த்தார். பிறகு டவுன் பாதைக்குத் திருப்பினார். பக்டரி ஆட்கள் பார்த்துவிட்டால் அம்மாவுக்கு வெட்கம் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். இவ்வளவு நேரம் அந்த வெட்கம் எங்கே போயிருந்தது என்று கோபமும் வந்தது.

திரும்பி வந்ததும் அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "லாரி மாதிரி தூக்கிப் போடல" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அப்பா நானாவைப் பார்த்தார். "சரி நானா. எடுத்துக்கிறோம்."

கியர், எண்ணெய், துரு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒரு சீட்டைக் கழற்றியதற்காக மனுஷன் மனம் மாறியது எனக்கு விளங்கவில்லை. தன் தேசிக்காய்தான் வேலை செய்தது என்று மாமா சொன்னார். நானும் அதை நம்பினேன்.

மூன்றாவது கியரை மாமா டியூப் ரப்பரால் கட்டி அடக்கினார். ஜீப் ஓடியது. அரிசி மூட்டைகளும், வயிற்றுவலிக்காரர்களும், நான் வாக்குக் கொடுத்திருந்த வகுப்புத் தோழிகளும் அதில் போனார்கள். நோயாளி ஏறினால் வழியில் எங்கும் நிறுத்தமாட்டார்கள். மழைக்காலத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது ஜீப்பையும் காணோம், அம்மாவையும் காணோம். நான்காம் நாள் அதே ஜீப்பில் அம்மா வந்து இறங்கினார். அம்மாவின் கையில் தம்பி இருந்தான். அன்று லயத்துக்கே சர்க்கரை போட்ட பால் தேத்தண்ணீர் ஊற்றியவர் அப்பா. அவர் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கழற்றிய சீட் எங்கள் இஸ்தோப்பில், வீட்டு முன்திண்ணையில், சுவரோரமாகக் கிடந்தது. லயத்திலேயே மெத்தை வைத்த ஆசனம் எங்கள் வீட்டில்தான். "அத மாட்டுனா இன்னும் நாலு பேர ஏத்தலாம் மச்சான்" என்று மாமா மாதம் ஒரு தடவை சொல்வார். "கெடக்கட்டும்" என்பார் அப்பா.

எனக்கு நான்கு வயதில் ஒரு நாள் நினைவிருக்கிறது. பக்கத்து வீட்டில் என்னை விட்டிருந்தார்கள். டின் பால் ஊற்றிய தேத்தண்ணீர் கொடுத்தார்கள். அம்மா சில நாள் கழித்து வெறுங்கையோடு வந்தார். அப்பா கொட்டும் மழையில் லாரியின் பின்தட்டை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். மழை பெய்யும்போது எதற்குக் கழுவுகிறார் என்று நான் பக்கத்து வீட்டாரிடம் கேட்டேன். அவர்கள் இன்னொரு கோப்பை தேத்தண்ணீர் கொடுத்தார்கள்.

என் வயிற்றில் முதல் பிள்ளை இருந்தபோதுதான் அம்மா சொன்னார். "ஒனக்கும் தம்பிக்கும் நடுவுல ஒன்னு இருந்திச்சி. பக்டரியில கொழுந்து எறக்குற வரைக்கும் பொறுக்கல." லாரியை ஓட்டியது யார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் தோட்டத்தில் இருந்தது ஒரே லாரி, அதற்கு ஒரே டிரைவர்.

அந்தச் சீட்டில் உட்கார்ந்துதான் நான் ஓ லெவல் பரீட்சை வரை படித்தேன். நான் படிப்பதற்காகத்தான் அப்பா அதைத் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கிறார் என்று அத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.